கன்று நடுமுன் தண்ணீரைப் பாருங்கள்: அலையாத்திக் காடுகளின் தேவையும் காப்பும்

கேட்கப்பட்ட கேள்வி இது: “எங்கள் ஊர் முகத்துவாரத்தின் ஓரத்தில் முன்பு அலையாத்தி மரங்கள் அடர்ந்திருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது அது வெறும் சேற்றுத் திடலாகக் கிடக்கிறது. இளைஞர் மன்றத்தின் சார்பில் அங்கே பத்தாயிரம் கன்றுகள் நடலாம் என்றிருக்கிறோம். இந்தக் காடுகள் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? அவற்றைக் காப்பதற்குச் சரியான வழி எது?”

முக்கியம்தான்; அதில் ஐயமே வேண்டாம். ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் திடலில் இருந்த மரங்கள் ஏன் மறைந்தன என்ற கேள்வியிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் கடற்கரையில் அலையாத்திக் காடு அழிந்த பல இடங்களில், மரங்களோடு சேர்ந்து தண்ணீர் ஏறி இறங்கும் வழியும் அழிந்திருக்கிறது. அந்த வழியைத் திறக்காமல் நட்ட கன்று பிழைப்பதில்லை. திறந்துவிட்டால், அருகில் தாய் மரங்கள் இருக்கும் இடங்களில், நடவே தேவைப்படாமல் விதைகள் தாமாக மிதந்து வந்து ஒதுங்கி முளைக்கின்றன. இந்தப் பதில் நீண்டுபோனதற்குக் காரணம், இந்த ஒன்றை விளக்க வேண்டியிருப்பதுதான்.

முதலில் அந்த மரங்களைப் பற்றி. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு என்பார்கள், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு என்பார்கள், பாடநூல்களில் சதுப்புநிலக் காடு என்றும் மாங்குரோவ் என்றும் இருக்கும். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று கடலோர மக்கள் விளக்கம் சொல்வதுண்டு. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் இதே மரங்கள் ‘கண்டல்’ என்ற பெயரில் வருகின்றன. ஊருக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நின்ற மரவரிசையைக் ‘கண்டல் வேலி’ என்றே அன்றைய புலவர்கள் குறித்திருக்கிறார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இன்று அந்த நகருக்குள் தில்லைக் காடு கிடையாது. தில்லை மரங்களை அவற்றின் இயல்பான சூழலில் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். பார்க்கப் போனால் கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கக்கூடியது.

உப்பு நீரிலும் காற்றுப் புகாத சேற்றிலும் வேறு மரங்கள் வாழ முடியாதபோது இவை வாழ்வதற்குச் சில தனித்த ஏற்பாடுகள் உண்டு. சுரபுன்னை தன் வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே விடுகிறது. வெண்கண்டல் என்ற இன்னோர் அலையாத்தி இனம் ஓரளவு உப்பை உள்வாங்கிக்கொண்டு இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். சேற்றில் உயிர்வளி இல்லாததால், வெண்கண்டல் நிலத்துக்கு மேலே பென்சில் முனைகளைப் போல ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை நீட்டி வைத்திருக்கிறது. சுரபுன்னையோ வளைந்த ஊன்றுவேர்களின் மேல் தோலில் உள்ள நுண்துளைகளால் மூச்சு வாங்குகிறது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும் அல்லது மிதந்து வேறு கரையைத் தேடிப் போகும்.

இந்த மூச்சுவேர்கள் ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் ஏறிவரும்போது, மூழ்கலாம், ஆனால் மூழ்கியே கிடக்கக் கூடாது. இக்காடுகள் பொதுவாகச் சராசரிக் கடல் மட்டத்துக்கும் உச்ச ஓத மட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய உயர வரம்புக்குள் மட்டுமே நிற்கின்றன. சுந்தரவனத்திலும் கட்ச் வளைகுடாவிலும் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதால் அந்த வரம்பு அகலமானது. நம் சோழமண்டலக் கரையிலோ ஓத வேறுபாடு ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. ஆகவே இங்கே ஒரு சாண் மேடோ பள்ளமோ ஒரு கன்றின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடுகிறது. வேறு மாநிலங்களில் வெற்றி பெற்ற நடவு முறையை அப்படியே இங்கு கொண்டுவந்து வைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி, பிச்சாவரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் திடலுக்கான விடை அநேகமாக அதில் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள அந்தக் காட்டில், ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து மரங்களை முற்றாக வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாக மீண்டும் வளர்ந்துவிடும் என்பது அன்றைய வனத்துறைக் கணக்கு. மலைக்காட்டில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். கழிமுகத்தில் அது பொய்த்தது. நிழல் போனதும் களிமண் வெயிலில் காய்ந்து, உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, நிலம் சுருங்கி அமிழ்ந்து, வெட்டப்பட்ட பகுதி நடுவில் ஒரு தட்டம் போலப் பள்ளமாகிவிட்டது. பெரிய ஓதத்தின்போது அந்தத் தட்டத்துக்குள் ஏறிய கடல்நீர் திரும்ப இறங்க வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் கோடையில் வற்ற வற்ற மண்ணின் உப்பு கடல்நீரின் உப்பைவிடப் பல மடங்கு மிகுந்தது. அந்த உப்பில் உமரி என்ற உப்புச்செடியைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. வாய்க்கால் ஓரங்களில், நீர் அன்றாடம் வந்து போன இடங்களில் மட்டும், ஒரு பச்சை விளிம்பு தப்பி நின்றது. படகில் போகிறவர்களுக்கு அந்த விளிம்புதான் காடாகத் தெரியும்; அதன் பின்னால் இருந்த பொட்டல் தெரியாது.

நெடுங்காலமாக இந்தப் பொட்டலுக்கான பழி சுற்றியிருந்த ஊர்களின் மீதுதான் விழுந்தது. விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள் என்று சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தபோதுதான், முதன்மைக் காரணம் பழைய வெட்டுமுறையும் அதனால் மாறிப்போன தரையமைப்பும் என்பது தெளிவாயிற்று. காரணம் தெரிந்ததும் தீர்வு எளிமையாகவே இருந்தது. அந்நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, பொட்டலின் நடுவே ஒரு தாய்வாய்க்காலை வெட்டி அதை இயற்கையான கழியோடு இணைத்து, அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்களைப் பிரித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும் என்பதால் அது மீன்முள் முறை என்றே பெயர் பெற்றது. ஓதம் உள்ளே ஏறியது, பிறகு வடிந்தது, போகும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. 1986க்கும் 2002க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருப்பதாகக் காட்டியது.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு, அதைப் பலரும் மேடையில் சொல்வதில்லை. வெட்டிய வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும். தூர்வாருவதற்குத் திட்ட நிதி முடிந்த பிறகும் ஆளும் பணமும் வேண்டும். ஏரி வாய்க்காலைப் போலவே இதற்கும் ஒரு குடிமராமத்து ஏற்பாடு இல்லையென்றால், பத்து ஆண்டுகளில் பொட்டல் திரும்பிவிடும். முத்துப்பேட்டையில் மீனவர்கள் காயலிலிருந்து காட்டுக்குள் தாங்களே வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறிவரும் மீனைப் பிடிக்கும் பழக்கம் நீண்ட காலமாக இருந்துவருவதைப் பார்க்கும்போது, வாய்க்காலால் வருமானம் பெறுகிறவர்களிடம் அதன் பராமரிப்பையும் விடுவதே நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓதம் ஒரு பாதி என்றால், ஆற்றிலிருந்து வரும் நன்னீர் மறு பாதி. அணைகள் பெருகிய பிறகு காவிரிப் படுகையின் கழிமுகங்களுக்கு நன்னீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் வந்து சேர்கிறது. உப்பை நன்கு தாங்கும் வெண்கண்டல் இதைச் சமாளித்துக்கொள்கிறது. நன்னீரைக் கூடுதலாக நாடும் இனங்கள் சுருங்கிவிடுகின்றன. முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல் ஒன்றாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அணைகள் தண்ணீரோடு வண்டலையும் மறித்துவிடுகின்றன. கடல் மட்டம் உயரும்போது இந்தக் காடுகள் வண்டலையும் தம் வேர்களையும் கொண்டு தரையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொள்ள வல்லவை. வண்டல் வராவிட்டால் அது முடியாது. பின்வாங்கி நிலப்பக்கம் நகரலாம் என்றால், அங்கே சாலையும் உப்பளமும் இறால் பண்ணையும் சீமைக்கருவேலமும் இடத்தைப் பிடித்திருக்கின்றன.

நன்மைகளுக்கு வருகிறேன். ஆழிப்பேரலையை இந்தக் காடுகள் தடுத்தன என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்களில் பேரிழப்பு ஏற்பட்டதும், காட்டுக்குப் பின்னால் இருந்த வடக்குப் பிச்சாவரம் போன்ற ஊர்கள் பெரும்பாலும் தப்பியதும் உண்மை. ஆனால் தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவாகவும் சற்று மேட்டிலும் இருந்தன என்பதைச் சுட்டிக்காட்டி, பாதுகாப்பு முழுவதையும் மரங்களின் கணக்கில் எழுத முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆழிப்பேரலையின் பெயரைச் சொல்லியே அலையாத்தியை விற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அடுத்த பேரலையில் காட்டைத் தாண்டி நீர் வந்துவிட்டால் மக்களுக்குக் காட்டின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

புயலைப் பொறுத்தவரை சான்று உறுதியானது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பிறகு, கேந்திரபாரா மாவட்டத்தின் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வில், தமக்கும் கடலுக்கும் இடையில் அகலமான அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது என்பது, தொலைவு, மேடு முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் உறுதிப்பட்டது. அதே ஆய்வு, அரசின் முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் காடு காப்பாற்றியவற்றைவிட அதிகம் என்றும் நேர்மையாகச் சொன்னது. அன்றாடக் காற்றலைகளின் உயரத்தை 100 மீட்டர் அகலமுள்ள காடு, அதன் அடர்த்தியையும் தரையின் ஆழத்தையும் பொறுத்து, 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது. புயலின்போது உயரும் கடல்மட்டத்தைக் கணிசமாகக் குறைக்க வேண்டுமென்றால் காடு கிலோமீட்டர் கணக்கில் அகலமாக இருக்க வேண்டும். நாலு வரிசைக் கன்று கரையரிப்பைக் குறைக்கலாம், புயலை நிறுத்தாது. காடும் அடி வாங்கும்: 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு கடுமையாகச் சேதமடைந்தது.

என் பார்வையில், ஒரு மீனவ ஊருக்கு இக்காட்டின் பெரும்பயன் மீன்தான். உதிர்ந்த இலையை நண்டுகள் கிழிக்கின்றன, நுண்ணுயிர்கள் அதன்மேல் படர்கின்றன, அந்த மட்கல் இறால் குஞ்சுக்கும் மடவைக் குஞ்சுக்கும் உணவாகிறது. கலங்கிய நீரும் வேர்ச் சிக்கலும் பெரிய மீன்களிடமிருந்து அவற்றை மறைக்கின்றன. கடலில் முட்டையிடும் பலவகை இறால்கள் இளம் பருவத்தைக் கழியில் கழித்துவிட்டு மீண்டும் கடலுக்குப் போகின்றன. கொடுவா மீனும் சேற்று நண்டும் கழியை நம்பியவை. பிச்சாவரத்து இருளர் குடும்பங்கள் வலையில்லாமல், ஆழமற்ற நீரில் அமர்ந்து நகர்ந்தபடி கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். காட்டின் விளைச்சல் குறைந்தால் வேறு பிழைப்புக்கு மாறும் வசதி அவர்களுக்குக் கிடையாது.

கரிமச் சேமிப்பு பற்றியும் ஒரு சொல். இந்தோ-பசிபிக் பகுதியின் காடுகளைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, எக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கரிமம் இக்காடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, காற்றுப் படாத சேற்றில் இருக்கிறது. ஆகவே நின்ற காட்டை அழித்துவிட்டு வேறோர் இடத்தில் அதே அளவு நட்டுத் தருவதாகச் சொல்லும் ஈடுகட்டும் ஒப்பந்தங்கள் கணக்கில் பொருந்துவதில்லை. தோண்டிய சேற்றிலிருந்து வெளியேறிய கரிமத்தைப் புதுக் கன்றுகள் ஈடுசெய்ய எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும்.

அடுத்து, நடவில் எங்கே தவறுகிறோம் என்பது. இதற்கு இலங்கையிலிருந்து ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே பல நிறுவனங்கள் பெருமளவில் அலையாத்தி நட்டன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு 23 இடங்களைச் சென்று பார்த்தபோது, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நடப்பட்ட ஏறத்தாழ 1,000 முதல் 1,200 எக்டேரில் 200 எக்டேரை ஒட்டியே தேறியிருந்தது. தவறான உயரத்தில் நட்டது, அந்த இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, நட்டபின் கவனிக்காமல் விட்டது ஆகியவையே காரணங்கள். பெரும்பாலான நடவுகளில் சுரபுன்னையைத் தேர்வதற்கு ஒரு வேடிக்கையான காரணம், அதன் நீண்ட முளைவிதையை எடுத்து அப்படியே சேற்றில் குத்திவிடலாம், படத்திலும் அழகாக வரும் என்பதுதான். அவை ஏற்கும் இடமா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு தவறு, யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்து ஓதவெளியின் தாழ்ந்த சேற்றுப் பரப்பிலும் கடற்புல் படுகையிலும் நடுவது. அங்கே இயல்பாக மரம் இல்லாததற்குக் காரணம், மரம் நிற்க முடியாத அளவு நேரம் அது நீரில் மூழ்கியிருப்பதுதான். அந்தச் சேறு வலசை வரும் உள்ளான் பறவைகளின் இரைநிலம். பாக் விரிகுடாவின் கடற்புல், 2022இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்த ஆவுளியா என்ற கடற்பசுவின் உணவு. ஒன்றைக் காக்கிறோம் என்று இன்னொன்றை மூடிவிடக் கூடாது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இலிருந்தே இக்காடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோரத்தில் கட்டுப்பாடின்றிப் பெருகிய இறால் பண்ணைகளுக்கு அணை போட்டது. பிச்சாவரம் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2023இல் ஒன்றிய அரசு மிஷ்டி என்ற பெயரில் அலையாத்தி நடவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இருந்தும், 2021 வன அறிக்கையின்படி நாட்டிலுள்ள 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டில் தமிழகத்தின் பங்கு 45 மட்டுமே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீடு, தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் அலையாத்திச் சூழலமைப்பை மிக ஆபத்தான நிலையில் உள்ளதாக வகைப்படுத்தியிருக்கிறது. பெரிய காடுகளுக்குக் காவலர்கள் இருக்கிறார்கள். எண்ணூர், அடையாறு, புன்னக்காயல் போன்ற இடங்களில் துண்டு துண்டாக நிற்பவையே அதிக ஆபத்தில் உள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழியில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். மூச்சுவேரின் துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் அந்த மரம் உடனே சாகாது, மெல்லத் திணறிச் சாகும்.

உங்கள் திடலுக்கு வருகிறேன். இந்த ஆண்டு கன்று வாங்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களின் பெரிய ஓதத்தின்போது நாலைந்து பேர் மூங்கில் குச்சிகளோடு போய், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எதுவரை ஏறுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது, எங்கே வடியாமல் நிற்கிறது என்று குறித்து வாருங்கள். முகத்துவாரம் ஆண்டில் எத்தனை மாதம் மணல் மேடிட்டு அடைந்து கிடக்கிறது என்று கட்டுமரக்காரர்களைக் கேளுங்கள். மரங்கள் இருந்த காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதை அந்தப் பெரியவர்களையே அழைத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். பழைய வாய்க்காலை ஒரு சாலையோ கரையோ மறித்திருந்தால், ஒரு குழாய்ப் பாலம் கேட்டு ஊராட்சியில் மனு கொடுப்பதே உங்கள் முதல் நடவு. நிலம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வாய்க்கால் வெட்டுவதற்கு முன் வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வழி திறந்த பிறகு ஒரு பருவமழை போகட்டும். மழைநீர் மண்ணின் உப்பைக் கழுவியிருக்கும், பக்கத்துக் காட்டிலிருந்து விதைகள் மிதந்து வந்திருக்கும். தை மாதத்தில் போய்ப் பார்த்து, எங்கெங்கே தானாக முளை வந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஆடு, மாடு புகாமல் வேலி மட்டும் கட்டுங்கள். எங்கே வரவில்லையோ அங்கே மட்டும், அருகில் இயல்பாக நிற்கும் மரம் எதுவோ அதன் விதையை அடுத்த மழைக்காலத்தில் ஊன்றுங்கள். ஐந்நூறு கன்று தேவைப்படலாம், ஐம்பதே போதும் என்றும் ஆகலாம். மூன்றாண்டுகள் வரை, ஆண்டுக்கு இருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம் எடுத்து, உயிரோடு இருப்பவற்றை எண்ணி எழுதி வையுங்கள்.